சிவப்புத் துணி கட்டிய கேன்

ஜூன் 4

அண்ணாவுக்கு,

அம்மாவுக்கு நீ அனுப்பிய போர்வைப் பொட்டலத்தின் மேல் உன் முகவரி இருந்தது. அம்மா போர்வையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் அந்தத் துண்டை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டேன். வீட்டு எண்ணிலிருந்து கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் போனில் எனக்குப் பேச்சு வராது. "நீ ம் கொட்டறதுக்கா நான் காதை வெச்சிட்டு நிக்கறேன்?" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

நேற்று ஸ்கூட்டரைப் பழைய இரும்பு எடைக்குப் போட அப்பா ஆள் கூட்டி வந்தார். நான் கொட்டகை வாசலில் போய் நின்றுகொண்டேன்.

"விக்க வேண்டாம்" என்றேன்.

"வேண்டாம்னா? வெச்சிருந்தா முட்டையா போடப் போகுது?"

"நான் பிரிச்சு சரி பண்றேன்."

எடைக்காரர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "நீயா? குக்கர் கைப்பிடி ஸ்க்ரூவையே எதிர்ப்பக்கம் திருப்பறவ நீ" என்றார். அப்புறம் என்ன தோன்றியதோ, அந்த ஆளை அனுப்பிவிட்டார். "மழைக்காலம் வரைக்கும் டைம். அதுக்குள்ள உறுமலைன்னா எடைக்குத்தான்."

அப்பாவின் இடது கணுக்கால் இன்னும் மடங்கவில்லை. கிளட்ச் மிதிக்க முடியாதவருக்கு எப்படிப் பஸ்ஸைக் கொடுப்பது என்று டிப்போவில் சாவிப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். மற்ற டிரைவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கிறார். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரண்டு ஷிப்டு பார்க்கிறாள். நான் பள்ளிக்கூடம் திரும்பப் போகவில்லை. அப்பா கட்டிலில் கிடந்த நாலு மாதம் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அப்போது நின்றது நின்றதுதான்.

பக்கத்து வீட்டு அக்காவும் அவர் கணவரும் கை கொடுத்து என்ஜினை இறக்கிவிட்டோம். பழைய சாப்பாட்டு மேஜை மேல் இருக்கிறது. சிலிண்டரைக் கழற்ற வரவில்லை. உள்ளே பிஸ்டன் அதை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்பாவைக் கேட்டால் "நீதானே டாக்டர்" என்கிறார். என்ன செய்யட்டும்?

நீ எப்போது வருவாய் என்று அம்மா கேட்கச் சொல்லவில்லை. நானாகக் கேட்கிறேன்.

தங்கச்சி

ஜூன் 13

சுண்டெலிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று பயந்துபோனேன். படித்த பிறகு கோபம் வந்தது. அந்தச் சனியனை ஏன் தொடுகிறாய்? எடைக்குப் போயிருந்தால் நிம்மதி.

அந்த வண்டியைப் பற்றி எனக்கு ஒரே பேச்சுதான். ஆயில் கலக்காத பெட்ரோலில் ஓட்டினால் அந்த என்ஜின் இறுகிவிடும் என்று எனக்குத் தெரியாதா? பெட்ரோலில் நான் ஆயில் கலந்தேன். மூன்று லிட்டருக்கு மூன்று மூடி, பாட்டிலில் இருந்த கடைசிச் சொட்டு வரை. கலந்துவிட்டுக் கேன் கழுத்தில் சிவப்புத் துணி கட்டினேன். துணி இருந்தால் கலந்தது, இல்லையென்றால் வெறும் பெட்ரோல். இது அப்பா போட்ட சட்டம்தானே? மறுநாள் துணியைப் பார்த்துத்தான் டாங்கில் ஊற்றினேன். மேட்டில் ஏறும்போது என்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டது, பின்சக்கரம் அப்படியே நின்றது, ஓட்டி வந்த அப்பாவும் பின்னால் இருந்த நானும் விழுந்தோம், அவர் கால்மேல் வண்டி விழுந்தது. நான் ஆஸ்பத்திரியில் எத்தனை தடவை சொன்னேன்! அத்தனை பேர் முன்னால் அவர் என்ன சொன்னார்? "ஆயில் ஊத்த மறந்துட்டு, துணியை மட்டும் கட்டிட்டு, இப்ப என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்றான்."

மறந்தேன் என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பொய் சொல்கிறேன் என்றார். 'நீ பொய் சொல்லலைடா' என்று அவர் வாயிலிருந்து வருகிற அன்றைக்கு நான் வருவேன். அதுவரை இந்த வெல்டிங் பட்டறையும் ஆறு பேர் படுக்கிற இந்த அறையும் போதும்.

சரி, இறக்கிவிட்டாய். பிளக் ஓட்டை வழியாக டீசல் ஊற்றி மூன்று நாள் ஊற விடு. பிறகு மரக்கட்டை வைத்துத் தட்டு. சுத்தியலால் நேராக அடித்தால் கையை முறிப்பேன்.

ஒரு வேலை செய். சிலிண்டர் கையோடு வந்ததும் உள்ளே எட்டிப் பார். பிஸ்டனைத் தாங்குகிற ராடின் அடிமுனை தெரியும். ஆயில் இல்லாமல் ஓடியிருந்தால் அது சூட்டில் நீலம் பாரித்திருக்கும். நான் தினமும் பற்றவைக்கிற இரும்பில் பார்க்கிற நீலம், தப்பவே தப்பாது. ஆயில் இருந்திருந்தால் இரும்பு இரும்பு நிறத்திலேயே இருக்கும். என்ஜின் பிடித்ததற்கு வேறு காரணம் என்று அர்த்தம். ஒரு வருஷமாக எனக்கு இது தோன்றவே இல்லை பார்! அதை அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டு. காட்டிவிட்டேன் என்று எழுது, அடுத்த பஸ்ஸில் ஏறுகிறேன்.

அண்ணன்

ஜூன் 25

அண்ணாவுக்கு,

சிலிண்டர் வந்துவிட்டது. மூன்று நாள் என்றாய், ஆறு நாள் ஆனது. வந்தபோது யாரோ பெருமூச்சு விட்டது மாதிரி ஒரு சத்தம். பிஸ்டனைச் சுற்றிலும் நகத்தால் கீறியது போல நெடுங்கோடுகள். பிஸ்டனைச் சுற்றிய ரிங்குகள் அதன் அலுமினியத்துக்குள் புதைந்துபோயிருந்தன.

சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும் என்பதால் லேத் பட்டறைக்குத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். கடைகளில் பேசுவதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். என்ன வேண்டுமோ அதைச் சீட்டில் எழுதிக் கொண்டுபோய் நீட்டிவிடுவது. லேத்காரர் படித்துவிட்டு, "வாய் பேச வராதாம்மா?" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "எல்லாம் வரும். உங்க மூஞ்சியைப் பார்த்தா யாருக்குப் பேசத் தோணும்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பத்து நாளில் தருகிறாராம்.

அப்பா கொட்டகைப் பக்கம் வருவதில்லை. ஆனால் டிப்போவிலிருந்து வந்ததும், "ஆபரேஷன் எந்த மட்டுல இருக்கு? நோயாளி பிழைப்பானா?" என்று கேட்கிறார். நேற்று அவருடைய பழைய ஸ்பேனர் பெட்டி மேஜைக்கு அடியில் இருந்தது. யாரும் வைக்கவில்லையாம்.

ராடைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. உள்ளே இருட்டாக இருக்கிறது. டார்ச்சில் பேட்டரி இல்லை.

தங்கச்சி

ஜூலை 2

சுண்டெலி,

பெருமூச்சு, லேத்காரர் மனைவி எல்லாம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டது ஒன்று. மேஜையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடு, வெயிலில் பார். ராட் என்ன நிறம்?

ஒரே சொல் போதும். நான் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பதை அறையில் எல்லோரும் கேலி செய்கிறார்கள். 'காதலியா?' என்கிறான் ஒருத்தன். 'இல்லைடா, என்ஜின்' என்றேன்.

அண்ணன்

ஜூலை 9

அண்ணாவுக்கு,

நீலம்.

அப்பாவிடம் காட்டவில்லை. கந்தல் துணியைத் திணித்து மூடி வைத்திருக்கிறேன். உன்மேல் தப்பு என்று நான் நினைக்கவில்லை. உண்மையாகவே நினைக்கவில்லை, அண்ணா. இதை மட்டும் நீ நம்ப வேண்டும்.

தங்கச்சி

ஜூலை 20

சுண்டெலிக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமையைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். மூடியில் ஊற்றுகிறேன், ஒன்று, இரண்டு, மூன்று. பாட்டிலைக் கவிழ்த்துச் சொட்டச் சொட்டப் பிடிக்கிறேன். துணியை எடுத்து முடிச்சுப் போடுகிறேன். எல்லாம் கண்முன்னால் தெரிகிறது. ஆனால் அது அந்தச் சனிக்கிழமைதானா? எத்தனை சனிக்கிழமை இதையே செய்திருக்கிறேன்! எல்லா நாளும் ஒரே மாதிரிதானே இருக்கும்? போன வாரம் பட்டறையில் கேஸ் வால்வை மூடினேன் என்று சத்தியம் செய்தேன். போய்ப் பார்த்தால் திறந்திருக்கிறது. மேஸ்திரி அதை மூடிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். எனக்குத்தான் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.

இரும்பு பொய் சொல்லாது. நான்தான் மறந்திருக்கிறேன். மறந்ததோடு விடாமல், அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது அவரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். அவர் பஸ் போயிற்று, உன் படிப்பு போயிற்று. நான் ரோஷக்காரன் மாதிரிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டேன்.

அப்பாவுக்குத் தனியாக எழுதிப் போட்டிருக்கிறேன். தப்பு என்னுடையதுதான் என்று. அவர் என்ன சொன்னார் என்று எழுது. முகம் எப்படி இருந்தது என்றும் எழுது.

ராட் நீலம் பாரித்துவிட்டால் அதைத் திரும்பப் போடக்கூடாது. ராடும் பேரிங்கும் புதிதாகப் போட வேண்டும்.

அண்ணன்

ஆகஸ்ட் 6

அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று அப்பா அதை நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். அம்மா வேலையிலிருந்து வந்ததும் அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். பாதியில் குரல் உடைந்து, "கண்ணாடியைத் துடைச்சுக் குடு" என்று என்னிடம் நீட்டினார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

"ஒத்துக்கிட்டான் பாரு. இவ்வளவுதான் நான் கேட்டது" என்றார் அம்மாவிடம்.

மறுநாளிலிருந்து கொட்டகைக்கு வந்துவிட்டார். சின்ன முக்காலியைப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு அதட்டுகிறார். "கேஸ்கட்டை ஈரக் கையால தொடாதடி." "ரிங்கை விரிக்காத, அது என்ன வளையலா?" நீல ராடை எடுத்துக் காட்டியபோது, "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றார். அதில் கோபமே இல்லை. புது ராடும் பேரிங்கும் லேத்காரர் அழுத்திப் பொருத்திக் கொடுத்தார். என்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸின் இரண்டு பாதியையும் சேர்த்து, கியரைப் பொருத்தி, பிஸ்டனுக்கு எண்ணெய் தடவி இறக்கினேன். ரிங்கை நான் விரலால் அமுக்கிப் பிடிக்க, அப்பா சிலிண்டரை இறக்கினார். இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

முந்தாநாள் மாலை என்ஜினை வண்டியில் ஏற்றிவிட்டோம். இருபது உதை உதைத்திருப்பேன். தீப்பொறி தருகிற பாயிண்டின் இடைவெளி சரியில்லை என்று அப்பா குனிந்து ஏதோ திருகினார். அடுத்த உதைக்கு என்ஜின் உறுமிவிட்டது. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன, வீடு பத்திக்கிச்சா?" என்றார். அப்பா கைதட்டினார், அண்ணா. சின்னப் பிள்ளை மாதிரிக் கைதட்டினார். "அவனை வரச் சொல்லி எழுது. ஒத்துக்கிட்டவனை யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்லை" என்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது. இந்தக் கடிதத்தை இங்கேயே முடித்துவிட்டால் நீ வந்துவிடுவாய்.

அன்றைக்கு நீ ஆயில் கலந்தது உண்மைதான். நீ மறக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் கொட்டகையைப் பெருக்கும்போது துடைப்பக் கட்டை பட்டுக் கேன் சாய்ந்தது. மூடி சரியாக இறுகவில்லை. நான் நிமிர்த்துவதற்குள் எல்லாம் மண்ணில் இறங்கிவிட்டது. வீட்டில் யாரும் இல்லை. திட்டு விழுமே என்று பயந்து, நான் சேர்த்து வைத்திருந்த காசையும் கேனையும் எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்குக்கு நடந்தேன். மூன்று விரலைக் காட்டி மூன்று லிட்டர் பிடித்தேன். ஆயில் வேண்டுமென்றால் உள்ளே கண்ணாடி அறையில் கேட்க வேண்டும். அங்கே நாலு ஆண்கள் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கதவு வரை போனேன். ஒருவர் திரும்பி, "என்னம்மா வேணும்?" என்றார். வார்த்தை தொண்டை வரை வந்தது, வெளியே வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். சீட்டில் எழுதி நீட்டலாம் என்ற யோசனை அப்போது எனக்கு இல்லை.

வீட்டுப் பாட்டிலில் ஒரு சொட்டுக்கூட இல்லை. திங்கட்கிழமை எப்படியாவது வாங்கி ஊற்றிவிடலாம், அதுவரை நீங்கள் வண்டி எடுக்க மாட்டீர்கள் என்று நினைத்தேன். துணி இல்லாவிட்டால் நீ கேட்பாய். அதனால் பழையபடியே கட்டி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துவிட்டு வெளியே வந்தபோது நீயும் அப்பாவும் கிளம்பியிருந்தீர்கள். கேன் காலியாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் நீ சத்தியம் செய்தபோது நான் உன் பின்னால்தான் நின்றேன். என்ஜினைப் பிரிக்கிறேன் என்று சொன்னதுகூட வண்டிமேல் ஆசைப்பட்டு இல்லை. உள்ளே வேறு ஏதாவது உடைந்திருக்காதா, காரணம் நானாக இல்லாமல் இருக்காதா என்று பார்க்கத்தான். சிலிண்டர் வந்த அன்றே நீலத்தைப் பார்த்துவிட்டேன். டார்ச் பொய்.

தங்கச்சி

ஆகஸ்ட் 15

தங்கைக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். அதிலெல்லாம் இருந்த வார்த்தைகளை நீ படிக்காததே நல்லது.

பதினாறு மாதம். என்னைப் பொய்யன் என்று கூப்பிட்டபோது ஒரு தடவை என் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாமே. பேசக்கூட வேண்டாம், இழுத்திருந்தால் புரிந்திருக்கும். அதுகூடப் போகட்டும். போன மாதம் நானே என்னைச் சந்தேகப்பட்டேன். மறதி நோய் வந்துவிட்டதோ என்று கேஸ் வால்வை ராத்திரி பகல் தடவிக்கொண்டிருந்தேன். நீ அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுப் பதினைந்து நாள் ரிங் மாட்டிக்கொண்டு இருந்திருக்கிறாய்.

அப்பாவிடம் சொல்லாதே. உனக்காகச் சொல்லவில்லை. அவர் கைதட்டினார் என்று எழுதியிருக்கிறாய். ஒரு பிள்ளையை இப்போதுதான் மன்னித்திருக்கிறார், உடனே இன்னொன்றைத் தூக்கி அவர் முன்னால் போடாதே. பழி என்மேல் பழகிவிட்டது, அங்கேயே கிடக்கட்டும். நான் எப்போது வருவேன் என்று தெரியவில்லை. இப்போது உன் முகத்தைப் பார்க்க முடியாது.

அண்ணன்

ஆகஸ்ட் 24

அண்ணாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

நீ சொல்லாதே என்றதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு நாள் முழுக்க நிம்மதியாக இருந்தது. மறுநாள் அப்பா டிப்போவிலிருந்து ஒரு டிரைவரைக் கூட்டிவந்து வண்டியைக் காட்டினார். "பையன் ஆயில் ஊத்த மறந்து கெடுத்தது, பொண்ணு சரி பண்ணிட்டா" என்றார். அந்த மனிதர் என் தலையைத் தொட்டு, "கெட்டிக்காரி" என்றார். அண்ணா சொன்னதால்தான் சும்மா இருக்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அப்படியென்றால் இரண்டாவது தடவையும் உன்மேல்தானே போடுகிறேன்?

எல்லாவற்றையும் சீட்டில் எழுதி அப்பாவிடம் நீட்டினேன். அவர் வண்டியின் பக்கவாட்டுத் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்னடி லிஸ்டு, கடைக்குப் போகணுமா? கண்ணாடி உள்ள இருக்கு, நீயே படி" என்றார்.

படித்தேன். துணி கட்டியதுவரை படித்தேன்.

அப்பா கேட்டது இரண்டே கேள்விதான். "அவனுக்குத் தெரியுமா?"

"இந்த மாசம் நான் எழுதினேன்."

"தெரிஞ்சும் ஒண்ணும் எழுதலையா எனக்கு?"

"சொல்ல வேண்டாம்னு சொன்னான்."

துடைத்த துணி கையிலேயே இருந்தது. எழுந்து காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அம்மா என்னை அடித்தாள். ஒரே அடி. அப்புறம் அடித்த கையையே பார்த்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று நாள் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். நாலாம் நாள் காலை அப்பா வேலைக்குக் கிளம்பும்போது, "அவன் அட்ரஸ்" என்றார். எழுதிக் கொடுத்தேன். "நான் எழுதறேன்" என்றார். சாவிப் பதிவேட்டுத் தாளில் எழுதி, டிப்போவிலேயே கவர் வாங்கி ஒட்டிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "உன்னோடதுல சேர்த்துப் போடு." அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டை மட்டும் என் பக்கம் தள்ளுகிறார்.

கவரை நான் பிரிக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கியும் பார்க்கவில்லை. இதோடு வைத்திருக்கிறேன்.

தங்கச்சி

செப்டம்பர் 2

தங்கைக்கு,

அப்பாவின் கடிதம் மூன்று வரி. அது எனக்கு வந்தது. என்ன எழுதியிருந்தார் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். அதைப் படித்துவிட்டுப் பட்டறை பின்பக்கம் போய், கண்ணில் வெல்டிங் பொறி பட்டுவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை வருகிறேன். நாலு நாள் லீவு. அம்மாவிடம் சொல். பஸ் நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம், நடந்தே வந்துவிடுவேன்.

உன்மேல் கோபம் தீரவில்லை. நீ சொல்லிவிட்டாய் என்பதால் பாதி குறைந்தது, மறுபாதி அப்படியே இருக்கிறது. முதல் நாள் உன்னோடு பேச மாட்டேன் என்று நினைக்கிறேன். நீ அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டாம் நாள் உன்னைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரியில் என் பின்னால் நின்றபோது உனக்கு என்ன தோன்றியது என்று கேட்பேன். சீட்டு, கடிதம் எதுவும் வாங்க மாட்டேன். நீ பேச ஆரம்பிக்க எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, எதிரே உட்கார்ந்திருப்பேன்.

அண்ணன்